காப்பியில் மிளகு வாசம்: காஞ்சிபுரத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சண்டை போடப் போன கதை

ஏற்காட்டுக்கு எல்லோரும் குளிருக்குப் போவார்கள், ஏரியில் படகு விடப் போவார்கள், கல்யாணமான புதிதில் போவார்கள். நான் சண்டை போடப் போனேன். பொங்கல் முடிந்து இரண்டாவது வெள்ளிக்கிழமை. ஏரி, ரோஜாத் தோட்டம், வியூ பாயிண்ட் எதுவும் இந்தப் பதிவில் வராது. அதற்கு ஆயிரம் பேர் எழுதி வைத்திருக்கிறார்கள், அங்கே போய்ப் படித்துக்கொள்ளுங்கள். காப்பித் தோட்டத்துக்குப் போக வேண்டும், காப்பி விளைவிக்கிறவர்களைப் பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்கள் மட்டும் தொடருங்கள்.

புதிதாக வந்திருப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். காஞ்சிபுரத்தில் ஓரிக்கை போகும் சாலையில் எனக்கும் என் வீட்டுக்காரர் தேவராஜுக்கும் ஒரு சின்னக் கடை. டிபன் அவர் பொறுப்பு, காப்பி என் பொறுப்பு. மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் சர்ச்சிலிருந்து ஏற்காட்டுக்கு ஒரு டூர் போனோம். அப்போது சாலையோரம் காப்பிக்கொட்டை விற்றுக்கொண்டிருந்த ராமாயியிடம் ஒரு கிலோ வாங்கினேன். வீட்டுக்கு வந்து வறுத்துப் போட்டுக் குடித்த அன்றைக்கே பாக்கெட் தூளை நிறுத்திவிட்டேன். அதிலிருந்து ராமாயியும் அவள் கணவர் சடையனும் விளைவிக்கிற கொட்டைதான் எங்கள் கடையில். நானே வறுப்பேன், நாங்களே அரைப்போம், சிக்கரி ஒரு சிட்டிகை கிடையாது. நெடுஞ்சாலைக்குப் போனால் எங்கே திரும்பினாலும் கும்பகோணம் பெயரில் ஒரு காப்பி போர்டு, முன்னால் பித்தளை டபரா. காஞ்சிபுரத்தில் நின்றுகொண்டு கும்பகோணம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அதனால் போர்டில் வெறுமனே 'காப்பி' என்று மட்டும் எழுதியிருந்தோம்.

எங்கள் வியாபாரத்தில் பாதி ஒரே ஆர்டர். காந்தி ரோட்டில் ஒரு பெரிய பட்டுக்கடை. பெயர் வேண்டாம். கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள் மெத்தையில் உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்க மாட்டார்கள். மாப்பிள்ளையின் அத்தைக்கு அரக்கு பிடிக்காது, பெண்ணின் சித்திக்கு ஜரிகை போதாது. அவர்களை எழுந்திருக்க விடாமல் வைத்திருப்பது காப்பிதான். அது எங்கள் கடையிலிருந்து ப்ளாஸ்க்கில் போய்க்கொண்டிருந்தது.

மார்கழிக் கடைசியில் இணையத்தில் எங்கள் கடைக்கு ஒரே ஒரு நட்சத்திரம் விழுந்தது. சென்னையிலிருந்து வந்த ஒரு அம்மா போட்டிருந்தார்: 'காப்பியில் மிளகு நாற்றம். கலப்படம். தவிர்க்கவும்.' எனக்கு வந்ததே கோபம்! மிளகு விற்கிற விலைக்கு யாராவது காப்பியில் கலப்படம் செய்வார்களா? கலப்பதென்றால் காப்பியை மிளகில் கலந்தால்தானே லாபம்? வீட்டுக்காரரிடம் அரை நாள் கத்தித் தீர்த்தேன். அடுத்த வாரம் பட்டுக்கடை மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார்.

"மெர்சி, கஸ்டமருங்க காப்பிய மோந்து பாத்துட்டு அப்டியே வெச்சிட்டுப் போறாங்க. ஒரு மாமி இது ரசமான்னு கேக்கறாங்கமா."

நான் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, மிளகு இருந்தது. லேசாகத்தான், ஆனால் தொண்டையில் இறங்கும்போது தெரிந்தது.

மேனேஜர் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். "உன் மேல தப்பு இல்லமா. அந்த மலைக்காரனுங்க இன்னாத்தையோ கலந்து உன் தலையில கட்டிக்கினு இருக்கானுங்க. அவங்கள வுட்டுடு. எஸ்டேட் தூள் பாக்கெட் வாங்கி ஊத்து. மலைக்காரன் ஏமாத்திட்டான்னு மொதலாளிகிட்ட நான் சொல்லிக்கறேன். ஆர்டர் எங்கயும் போவாது."

நல்ல மனுஷர்தான், எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தார். ஆனால் அப்போது ஏற்காட்டில் ராமாயி வீட்டில் ஆறு மூட்டைக் கொட்டை என் பெயரில் அடுக்கியிருந்தது. வழக்கமாக வாங்குகிற வியாபாரி வந்தபோது, 'காஞ்சிபுரத்து அக்கா எடுத்துக்கறாங்க' என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தாள். நான் கைவிட்டால் அவள் மறுபடி அந்த ஆளிடமே போக வேண்டும். திருப்பி அனுப்பிய ஆளிடம் போனால் அவன் என்ன விலை வைப்பான் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த வருடத்து விளைச்சலில் மீதி அவ்வளவுதான். அதே சமயம் என் தொண்டையில் இறங்கிய மிளகு பொய்யில்லையே. நேரில் போய்க் கேட்டுவிடுவோம் என்று கிளம்பினேன்.

பயண விவரம் இதோ. காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் காலை 4.30க்குத் திருவண்ணாமலை பஸ். வந்தவாசி, சேத்துப்பட்டு வழி, சுமார் 115 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். நான் கொடுத்த டிக்கெட் 95 ரூபாய். திருவண்ணாமலையில் இறங்கியதும் பஸ் ஸ்டாண்டுக்குள் சாப்பிடாதீர்கள், வெளியே வந்தால் தள்ளுவண்டியில் சூடாக இட்லி கிடைக்கும், நாலு இட்லி 30 ரூபாய். அங்கிருந்து செங்கம், ஊத்தங்கரை, அரூர் வழியாகச் சேலம், 155 கிலோமீட்டர், டிக்கெட் 140. அரூர் தாண்டியதும் வழியெல்லாம் மலை தெரியும், இடதுபக்க ஜன்னலா வலதுபக்க ஜன்னலா என்று கேட்காதீர்கள், நான் போகிற வழியெல்லாம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

சேலம் புது பஸ் ஸ்டாண்டில் மதியம் 1.15க்கு ஏற்காடு பஸ் கிடைத்தது. 32 கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவு. வாந்தி வருகிறவர்கள் எலுமிச்சம்பழம் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்து சீட் அண்ணன் வைத்துக்கொள்ளவில்லை, என் புடவை தப்பியது கர்த்தர் கிருபை. ஏற்காட்டிலிருந்து நாகலூர் பக்கம் போகிற மினி பஸ். டிரைவரிடம் ராமாயி ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

"அங்க பாக்க ஒண்ணும் இல்லைங்களே. ஏரிக்குப் போறவங்க இங்கயே எறங்கிருவாங்க" என்றார்.

"நான் பாக்க வரலிங்க, கேக்க வந்தேன்" என்றேன்.

இறங்கி ஒரு கிலோமீட்டர் ஏற்றம். நாலு மணி சுமாருக்குப் போய்ச் சேர்ந்தேன். ராமாயி, சடையன் குடும்பம் அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த மலையாளி இனத்து ஆட்கள், கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. தோட்டம் இரண்டு ஏக்கருக்குள்தான். எஸ்டேட் என்றால் வரிசை வரிசையாக இருக்குமே, அப்படி இல்லை. சரிவில் உயரமான நிழல் மரங்கள், அதன் கீழே காப்பிச் செடிகள், நடுவில் பலா, ஆரஞ்சு, வீட்டுக்குத் தேவையான வாழை. நிழல் மரம் ஒவ்வொன்றிலும் சுற்றி ஏறியிருக்கிறது மிளகுக் கொடி.

மிளகுக் கொடியைப் பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. வீட்டு முன்னால் களத்துக்கு வந்தேன். ஒரு பக்கம் காப்பிக்கொட்டை காய்கிறது. ஒரு முழம் தள்ளித் தார்ப்பாயில் மிளகு காய்கிறது! இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

"இன்னா ராமாயி இது? இப்டிப் பக்கத்துல பக்கத்துல கொட்டி வெச்சா காப்பி மிளகு நாறாம மல்லிப்பூவா நாறும்?"

ராமாயி இடுப்பில் கட்டிய கூடையோடு தோட்டத்திலிருந்து வந்துகொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும், என்னைவிட ஒரு சாண் குள்ளம். "வந்ததும் வராததுமா என்னங்கக்கா கத்தறீங்க? மொதல்ல தண்ணி குடிங்க."

"தண்ணி வேணாம். பதில் சொல்லு."

நட்சத்திரம், மேனேஜர், ரசம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். கலப்படம் என்ற வார்த்தை வந்ததும் அவள் கூடையை அவிழ்த்துக் கீழே வைத்தாள்.

"உங்களுக்குக் கொட்டை போட்டு விட்டது எப்பங்க? கார்த்திகையில ஒருக்கா, மார்கழியில ஒருக்கா. நாங்க மிளகு பறிச்சதே முந்தாநாத்து. அப்பெல்லாம் மிளகு பச்சையாக் கொடியில தொங்கிட்டு இருந்துச்சு. அங்க இருந்து குதிச்சு வந்து மூட்டைக்குள்ள பூந்துக்கிச்சுங்களா?"

சடையன் ஓரமாக நின்று சிரித்தார். "உங்களுக்கு என்ன இளிப்பு? போயி அடுப்பப் பத்த வைங்க" என்று அவருக்கும் விழுந்தது. என் பக்கம் திரும்பினாள். "கலப்படமுன்னு சொல்லிட்டீங்க. குடிச்சுப் பாக்காம இந்தக் களத்த விட்டு எறங்கக் கூடாது."

எனக்கு அனுப்பிய அதே மார்கழிக் கொட்டையில் மிச்சம் இருந்ததை எடுத்து, மண்சட்டியில் வறுத்து, உரலில் இடித்து, வெல்லம் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்துக் கொடுத்தாள். பால் கிடையாது. குற்றம் கண்டுபிடிப்பதற்காகவே ஒரு டம்ளர் குடித்தேன். கிடைக்காமல் இன்னொரு டம்ளர் வாங்கிக் குடித்தேன். கசப்பு, வெல்லத்தின் இனிப்பு, கடைசியில் ஆரஞ்சுத் தோல் மாதிரி லேசாக ஒரு புளிப்பு. மிளகு என்கிற பேச்சே இல்லை.

"இல்லதான்" என்றேன்.

"அதச் சத்தமாச் சொல்லுங்க. வந்தப்ப சத்தமாத்தான சொன்னீங்க."

சத்தமாகச் சொன்னேன். வேறு வழி?

அந்த ஊரில் போன் சிக்னல் வேண்டுமென்றால் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பாறை மேல் ஏற வேண்டும். பொழுது சாய்வதற்குள் வீட்டுக்காரருக்குத் தகவல் சொல்லிவிடலாம் என்று ஏறினேன். ராமாயியும் கூடவே ஏறி வந்தாள், நான் வேறு மாதிரி சொல்லிவிடுவேனோ என்று சந்தேகம். அவளுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏங்க, இங்க கொட்டையில மிளகே இல்லீங்க. நல்லா குடிச்சுப் பாத்துட்டேன்."

"இன்னா மெர்சி? சத்தமாப் பேசு. மெஷின் ஓடிக்கினு இருக்குது."

"இன்னா மெஷின்?"

"இன்னா மெஷினா? நாளைக்கு சனிக்கெழம இல்ல? இட்லிக்கு மிளகு, சுக்கு, சீரகம் அரைச்சிக்கினு இருக்கறேன். இது முடிஞ்சதும் உன் காப்பிக்கொட்டயப் போடணும்."

நான் ராமாயியைப் பார்த்தேன், அவள் போனைப் பார்த்தாள்.

வெளியூர்க்காரர்களுக்கு இங்கே ஒரு விளக்கம். எங்கள் ஊர் கோயில் இட்லியில் மிளகும் சுக்கும் சீரகமும் போடாமல் நடக்காது. மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து மாவை ஊற்றி வேக வைப்பது. பெருமாளுக்குப் படைக்கிறது, ஊருக்கே பெருமை. கார்த்திகையில் ஐயப்பன் சீசன் கூட்டம் வருகிறதே என்று நாங்களும் சனி, ஞாயிறு மட்டும் போட ஆரம்பித்தோம். அதற்கான பொடியை வெள்ளிக்கிழமை சாயங்காலம் தேவராஜ் அரைப்பார். அதே மெஷினில் அடுத்து காப்பி. நட்சத்திரம் போட்ட அம்மா வந்தது ஞாயிற்றுக்கிழமை. மேனேஜர் என்னைக் கூப்பிட்டது சனிக்கிழமை. செவ்வாயும் புதனும் ஒருத்தரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எல்லாம் என் கண் முன்னாலேயே இருந்திருக்கிறது, நான் நாலு பஸ் மாறி மலை ஏறி வந்து அடுத்தவர் களத்தில் தேடியிருக்கிறேன்.

போனில் அவர் இன்னும் விட்டபாடில்லை. "ஒரு பிடி அரிசி போட்டு ஓட்டிட்டுத்தானமா காப்பி போடறேன்! சுத்தமாத்தான் இருக்குது!"

ராமாயி பாறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரித்துச் சிரித்து அவள் கண்ணில் தண்ணீர். "அரிசி போட்டா ஒட்டுனது போவும், வாசம் போவுமாங்கண்ணா?" என்று போனில் கத்தினாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்காமல் என்ன செய்வது, வெட்கம் பிடுங்கித் தின்றது.

சிரித்து முடித்ததும் அவள் கேட்டாள். "அந்த மேனேஜருகிட்ட என்னங்கக்கா சொல்லுவீங்க?" குரலில் சிரிப்பு இல்லை.

இராத்திரி ராகிக் களியும் கீரையும் சாப்பிட்டு அங்கேயே தங்கினேன். காசு வாங்க மாட்டேன் என்றாள். அடுத்த நாள் காலை இரண்டு மூட்டையோடு இறங்கினேன், ஒன்று 25 கிலோ. சடையன் பஸ் வரைக்கும் தூக்கி வந்து ஏற்றிவிட்டார். சேலத்தில் ஏறிய பஸ்ஸில் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டார், மூட்டைக்கு 40. "என்னம்மா இது, நெல்லா?" என்றார். "காப்பி" என்றேன். "காப்பிய மூட்டையா கொண்டு போறவங்கள இப்பத்தான் பாக்கறேன்" என்று நல்ல மரியாதையோடு பின் சீட்டுக்கு அடியில் தள்ளினார்.

நெல் என்று அவர் சொன்னது மண்டையிலேயே நின்றது. எங்கள் அப்பா தென்னேரிப் பக்கம் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். களத்தில் நெல் அளந்து ஒரு மரக்கால் குறைந்தால், கணக்கைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், எங்கள் ஆட்களைத்தான் மடியை உதறிக் காட்டச் சொல்வார்கள். எல்லோரும் வரிசையாக நின்று உதறுவார்கள். ஒருதரம் அப்பா உதறிவிட்டு, 'இப்ப நீங்க உதறுங்க' என்று சொன்னாராம். மறுநாளிலிருந்து அந்த வீட்டில் வேலை இல்லை. இதை அவர் பெருமையாகத்தான் சொல்லுவார். நான் வெள்ளிக்கிழமை அந்தக் களத்துக்குப் போய் ராமாயியை மடியை உதறு என்றுதான் சொல்லியிருக்கிறேன். செங்கம் வரும் வரைக்கும் என் மேல் எனக்கே அவ்வளவு ஆத்திரம்.

திங்கட்கிழமை காலை பட்டுக்கடைக்குப் போனேன். உள்ளதை உள்ளபடி சொன்னேன். கொட்டை சுத்தம், வாசம் என் மெஷினில், வேறு மெஷின் வாங்கிவிடுகிறேன்.

மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். "மெஷின் கதைய யாருமா கேட்டது? உன் கடை மேல தப்புன்னு சொன்னா மொதலாளி உன்னயே வேணாம்பாரு. மலைக்காரன் மேல போட்டுட்டுப் போய்க்கினே இரு. அவன் இன்னா, இங்க வந்து கேக்கவா போறான்?"

"அவங்க வரமாட்டாங்க சார். நான் டெய்லி வந்துக்கினுதான இருக்கறேன். நான் கேக்கறேன்."

"இன்னா கேக்கற?"

"அவங்க மேல பழி போட்டு நான் காப்பி ஊத்தறதா, இன்னா பொழப்பு அது? கொட்டை அவங்களோடதுதான் வரும். மெஷினத்தான் மாத்துவேன். இஷ்டம்னா ஊத்தறேன். இல்லன்னா என் ப்ளாஸ்க்கக் குடுங்க."

கடையே வேடிக்கை பார்த்தது. ஒரு கல்யாணப் பார்ட்டி புடவையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் ப்ளாஸ்க்கைக் கொடுத்துவிட்டார். இரண்டு கையிலும் இரண்டு ப்ளாஸ்க்கோடு காந்தி ரோட்டில் நடந்து வந்தேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் தலை குனியவில்லை.

சாயங்காலம் ராமாயிக்குப் போன் போட்டு ஆர்டர் போனதைச் சொன்னேன். மூட்டை நாலும் என் பெயரிலேயே இருக்கட்டும், கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கிறேன் என்றேன். "நேத்துக்கூட வியாபாரி வந்தானுங்க. மூட்டை காஞ்சிபுரம் போவுது, நீ உன் வேலையப் பாருன்னு அனுப்பிட்டேன்" என்றாள். இந்தப் பொம்பளையை நம்பாமல் நான் மலை ஏறியிருக்கிறேன் பாருங்கள்.

இதை எழுதுகிற இன்றைக்கு அந்த நாலில் இரண்டு மூட்டை எடுத்தாகிவிட்டது, இரண்டு பாக்கி. பட்டுக்கடை ஆர்டர் திரும்ப வரவில்லை. நான் போய்க் கேட்கவும் இல்லை, கேட்கவும் மாட்டேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. காப்பிப் பழம் பறிப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் கார்த்திகை முதல் தை வரை போங்கள். ஸ்வெட்டர் அவசியம், சாயங்காலமே பல் தந்தியடிக்கும். சனி, ஞாயிறு மலைப்பாதையில் கார் நெரிசல், வாரநாளில் போங்கள். நாகலூர்ப் பக்கம் மினி பஸ் எப்போது வரும் என்று ஏற்காட்டிலேயே கேட்டுவிடுங்கள், தவறவிட்டால் ஆட்டோ 300 கேட்கிறார்கள். எனக்குப் போக வர பஸ், சாப்பாடு, லக்கேஜ் எல்லாம் சேர்த்து 850 ரூபாய் ஆனது. சின்னத் தோட்டக்காரர்களிடம் கொட்டை வாங்கினால் பேரம் பேசாதீர்கள். பட்டுப்புடவைக் கடையில் பேசாமல்தானே கொடுக்கிறீர்கள்? ராமாயி வீட்டு நம்பர் கேட்டு எனக்கு எழுதாதீர்கள், கொடுக்க மாட்டேன். அது வீடு, ஓட்டல் இல்லை. முக்கியமானது, போகும் முன் உங்கள் வீட்டு மிக்ஸியை ஒருதரம் மோந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

காப்பிக்கென்று தனியாக ஒரு பழைய மெஷின் வாங்கிவிட்டோம். அது வந்த முதல் சனிக்கிழமை, தினமும் காலையில் வருகிற ரஹீம் பாய், பக்கத்துத் தெருவில் ஜரிகை வியாபாரம், ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"இன்னாமா மெர்சி, இன்னிக்கு காப்பி சப்புன்னு இருக்குது? சனிக்கெழமன்னா ஒரு காரம் இருக்குமே, தொண்டைக்கு எதமா?"

"அது தப்பு பாய். மெஷின்ல மிளகு ஒட்டிக்கினு இருந்திச்சு."

"தப்போ ரைட்டோ, அதுக்குத்தான் சனிக்கெழம ரெண்டு டம்ளர் குடிச்சிக்கினு இருந்தேன். அதயே போடு."

பெஞ்சில் இருந்த நெசவுக்காரர்கள் இரண்டு பேரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். கார்த்திகையிலிருந்து அத்தனை பேரும் ருசித்துக் குடித்திருக்கிறார்கள், ஒருத்தரும் வாய் திறந்து சொல்லவில்லை!

அந்த ஒற்றை நட்சத்திரத்துக்குக் கீழே பதில் எழுதிவிட்டேன். 'அம்மா, நீங்கள் சொன்னது சரி, மிளகு இருந்தது. கலப்படம் என்றது சரியில்லை. அடுத்த முறை சனிக்கிழமை வாருங்கள், இப்போது வேண்டுமென்றே போடுகிறோம்.' அவர் இன்னும் வரவில்லை, நட்சத்திரமும் கூடவில்லை. போர்டை மட்டும் புதிதாக எழுதி மாட்டியிருக்கிறோம். தேவராஜ் எழுதினார், சொன்னது நான்:

'ஏற்காடு ராமாயி, சடையன் தோட்டத்துக் காப்பி. சனி, ஞாயிறு மிளகுக் காப்பி உண்டு. மிளகு எங்களுடையது.'